துணை நிற்போர்க்குத் துணை

குழந்தையை வளர்க்கும் பொறுப்பு பெற்றோருடையது என்பதை எந்தச் சமுதாயமும் மறுத்ததில்லை. ஆனால் அப்பொறுப்பை அவர்கள் தனித்து நின்றே நிறைவேற்ற வேண்டும் என்று எந்த நற்சமுதாயமும் விதித்ததில்லை. பிள்ளை பெற்ற பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துப் பேணுவதும், பாட்டியும் அத்தையும் பச்சிளங்குழந்தையைக் கைமாற்றி வளர்ப்பதும், குப்புறக் கவிழ்ந்த நாள் முதல் நடை பயின்ற நாள் வரை குழந்தையின் ஒவ்வொரு முன்னேற்றத்தையும் தெருவே கண்டு மகிழ்வதும் நம்மிடையே நெடுங்காலம் நிலவிய ஏற்பாடுகள். அவற்றைப் பொற்காலத்து நினைவாகப் போற்றுவது நம் நோக்கமன்று. சீம்பாலைக் கறந்து கொட்டச் சொன்னதும், காய்ச்சலுற்ற குழந்தைக்கு உணவை நிறுத்தியதும், பெண் குழந்தைக்கு ஒரு பிடி குறைத்து ஊட்டியதும் அதே வீடுகளில் நடந்தவையே. ஆயினும், இளந்தாய் ஒருத்தி ஐயுற்றபோது கேட்பதற்கு ஒருவர் அருகில் இருந்தார். பிழைப்புத் தேடித் திருப்பூருக்கோ சென்னைப் புறநகருக்கோ பெயர்ந்து, ஒற்றை அறையில் குடியிருக்கும் இணையருக்கு அந்தத் துணை இன்று இல்லை. சொந்த ஊரிலேயே இருப்போர்க்கும் அது குறைந்து வருகிறது.

அவ்விடத்தை நிரப்பும் கடமை அரசைச் சேர்கிறது. அரசோ கோட்டையிலிருந்து ஒரு வீட்டு வாசலுக்கு வந்து சேர முடியாது. அதன் சார்பில் வாசற்படி ஏறுபவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரும், அங்கன்வாடி என்று மக்கள் அழைக்கும் குழந்தைகள் மையத்தின் பணியாளரும், முன்பருவப் பள்ளி ஆசிரியருமே. குழந்தைக்குத் தடுப்பூசி போடவும் எடை பார்க்கவும் பாட்டுச் சொல்லித் தரவும் இவர்களைப் பழக்கியிருக்கிறோம். குழந்தையை வளர்ப்பவருக்குத் துணை நிற்க இவர்களைப் பழக்கியிருக்கிறோமா என்பதே நாம் இன்று எழுப்பும் வினா.

இக்கடமை புதியதன்று. அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, முதலில் இயற்றப்பட்ட வடிவில், பதினான்கு வயது நிறையும் வரை எல்லாக் குழந்தைகளுக்கும் பத்தாண்டுகளுக்குள் கட்டாய இலவசக் கல்வி வழங்க அரசை நெறிப்படுத்தியது. 2002-ஆம் ஆண்டின் 86-ஆவது திருத்தம் 6 முதல் 14 வயது வரையுள்ளோர்க்குக் கல்வியை அடிப்படை உரிமையாக உயர்த்தியபோது, ஆறு வயதுக்கு உட்பட்டோரை நீதிமன்றத்தில் வழக்காடிப் பெற இயலாத நெறிகாட்டும் கோட்பாட்டின் கீழேயே விட்டுவிட்டது. மனித வாழ்வில் மூளை மிக விரைந்து வளரும் ஆண்டுகள் இவ்வாறு உரிமையின் எல்லைக்கு வெளியே நின்றன. உரிமை வழங்காத இடத்தில் அரசின் மனச்சான்று இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும் என்பது நம் துணிபு.

சட்டத்துக்கு முன்பே சிந்தித்தவர்களும் இங்கு உண்டு. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்கு முதல் பயிற்சியை நடத்தியபோது, முந்நூறுக்கும் மேற்பட்டோர் அதில் பங்கேற்றனர். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தையின் உணவையும் உடல்நலத்தையும் கல்வியையும் ஒரே கண்ணோட்டத்தில் நோக்கியது. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்துக்கு அதுவே அடித்தளமாயிற்று. அத்திட்டத்தின் கீழ் இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

இம்மாநிலம் ஈட்டியதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறத்தலாகும். 2019–21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களில் நிகழ்கின்றன. 2020-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையும் முன் இறந்தவர்கள் 13 பேர் என்னும் அளவுக்குச் சாவு விகிதம் தாழ்ந்தது. குழந்தை பிழைக்குமா என்ற அச்சம் நீங்கிய வீடுகளில், அது எவ்வாறு வளரும் என்ற வினா எழுவது இயல்பு. அதே ஆய்வு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதைக் காட்டியது. நாடு முழுவதும் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளில் போதிய உணவு பெறுவோர் நூற்றுக்கு 11.3 பேரே என்றும் கூறியது. மருத்துவமனை எத்துணைச் சிறந்ததாயினும் இக்குறையைத் தீர்க்க இயலாது. இது நாள்தோறும் அடுப்படியிலும் திண்ணையிலும் நிகழ்வது.

பெற்றோர்க்குத் துணை நிற்றல் என்பது அறிவுரை வழங்குதலினின்றும் வேறான திறன். இதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில், நம் பயிற்சிகளின் குறை பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதிலேயே தொடங்குகிறது. எடை பார்க்கும் நாளில், பதினொரு மாதக் குழந்தையொன்றின் எடை சென்ற மாதத்திலிருந்து ஏறவில்லை என்று வளர்ச்சி அட்டை காட்டுகிறது என்று கொள்வோம். பணியாளர் கற்றிருப்பது அதைத் தாயிடம் கூறி, முட்டையும் பருப்பும் கீரையும் ஊட்டுமாறு சொல்வது. அவர் சொல்லில் பிழையில்லை. ஆனால் அந்தத் தாய் விடியலில் களையெடுக்கச் சென்று உச்சிப்பொழுது சாய்ந்த பின்னரே திரும்புகிறாள் என்பதும், அதுவரை குழந்தை எட்டு வயது அக்காளின் இடுப்பில் இருக்கிறது என்பதும், அவள் புகட்டுவது நீர்த்த கஞ்சி என்பதும், முட்டை வாங்கும் காசு மாமியாரின் முடிச்சில் இருக்கிறது என்பதும் ஒருவர் பொறுமையோடு கேட்டாலன்றி வெளிவருவதில்லை. மாறாக, நாலு பேர் முன்னிலையில் 'பிள்ளையை இப்படியா வச்சிருப்ப' என்று ஒரு சொல் விழுந்துவிட்டால், அடுத்த மாதம் அவள் மையத்தின் பக்கமே வரமாட்டாள். பதிவேட்டில் 'அறிவுரை வழங்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டும் நிற்கும்.

நற்பயிற்சி பெற்றவர் முதலில் கேட்கிறார். தாய் செய்வதில் நல்லது ஒன்றைக் கண்டு அதை வாய்விட்டுச் சொல்கிறார். செய்யக்கூடிய ஒரே ஒரு மாற்றத்தை அவளோடு சேர்ந்து தெரிவு செய்கிறார்: கஞ்சிக்கு மாற்றாகக் குழைந்த சோற்றைப் பருப்போடு மசித்து வைத்துவிட்டுப் போவது, மையத்தில் தரும் சத்துமாவை நீர்க்கக் கரைக்காமல் கெட்டியாகக் கிண்டுவது போல ஏதேனும் ஒன்று. மாமியாரிடம் தானே வந்து பேசலாமா என்று அவளது இசைவைக் கேட்கிறார். பத்து நாள் கழித்து வீடு பார்வைக்குச் சென்று, குறை சொல்வதற்காக அன்றி, எவ்வாறு முடிந்தது என்று அறிவதற்காக அமர்கிறார். அந்த அமர்வின்போதே, பேச்சு வராத குழந்தையோடு பேசிக் காட்டுகிறார். கிண்ணத்தையும் கரண்டியையும் கொடுத்து அது தட்டுவதைத் தாயோடு சேர்ந்து பார்க்கிறார். அது எழுப்பும் ஒலிக்கு மறு ஒலி தருகிறார். மழலை பேசத் தொடங்கும் முன்பே பேச்சைக் கற்கிறது என்பதைத் தாய் கண்ணால் காண்கிறாள். வேலை முடியும் வரை அழாதிருக்கட்டும் என்று கைக்குழந்தையின் முன் செல்பேசியை வைக்கும் வழக்கம் பரவிவிட்ட இந்நாளில், ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் திரையே கூடாது என்று உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் கூறியதை எடுத்துரைப்பதைவிட, திரைக்கு மாற்றாக என்ன செய்யலாம் என்று அவ்வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு காட்டுவதே பயன் தரும்.

இவையனைத்திலும் கடினமான பணி ஒன்றுண்டு. மூன்று வயதுக் குழந்தையொன்று பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை, பிற குழந்தைகளோடு சேர்வதில்லை என்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் முன்பருவப் பள்ளி ஆசிரியரே. அதைப் பெற்றோரிடம் எவ்வாறு கூறுவது? 'அவன் அப்பாவும் மூன்று வயசுலதான் பேசினார்' என்று சொல்லும் பாட்டியின் நம்பிக்கையை முறிக்காமலும், காலம் தாழ்த்தினால் இழப்பு நேரும் என்ற உண்மையை மறைக்காமலும், தாயின் மீது பழி விழாமலும் பேச வேண்டும். மாவட்டங்களில் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள்ளன. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டம் குழந்தைகளை அங்கே அனுப்ப வழி வகுத்திருக்கிறது. ஆனால் வகுப்பறைக்கும் அந்த மையத்துக்கும் இடையே நிற்பது இந்த ஓர் உரையாடல். அதற்கு அந்த ஆசிரியரை யாரும் ஆயத்தப்படுத்தவில்லை. அது தவறும்போது குழந்தை இழப்பது ஆண்டுகளை. மூன்று வயதிலேயே எழுதப் படிக்க வைக்குமாறு நெருக்கும் பெற்றோரிடம், விளையாட்டே அவ்வயதின் கல்வி என்று அவர்கள் மனம் கோணாமல் விளக்கும் துணிவும் இத்தகைய பயிற்சியாலேயே வரும். இது அரசு மையங்களுக்கு மட்டும் உரிய செய்தியன்று. தெருவுக்குத் தெரு நடக்கும் தனியார் மழலைப் பள்ளிகளுக்கு இன்னும் மிகுதியாகப் பொருந்தும்.

இவ்வாறு பழக்க முடியும் என்பதற்கு முன்னோடிகள் உள்ளன. அவற்றுள் முதலாவது நம்முடையதே. 1980-இல் உலக வங்கியின் உதவியோடு மதுரை உள்ளிட்ட மாவட்டங்களில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடையிட்டு, வளர்ச்சி தளர்ந்தவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலம் இணை உணவு அளித்து, தாயோடு பேசுவதையே தன் மையப் பணியாகக் கொண்டது. ஊட்டச்சத்துப் பணியாளரைத் தெரிவு செய்தபோது, அவ்வூரிலேயே வாழ்ந்து, வறுமையிலும் தன் பிள்ளைகளை நலமாக வளர்த்த பெண்ணுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அப்பெண்ணின் சொல்லுக்கு அவள் வீட்டுப் பிள்ளைகளே சான்றாயிருந்தனர். பணி குறுகியது, பொறுப்பு தெளிவானது, ஏறத்தாழப் பத்துப் பணியாளர்க்கு ஒரு மேற்பார்வையாளர் என்ற நெருக்கம் இருந்தது. கடும் ஊட்டக்குறைவு கண்கூடாகக் குறைந்தது. பின்னாளில் அத்திட்டம் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தோடு கலந்தபோது, அந்தக் கூர்மையும் கரைந்தது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறோம்.

இரண்டாவது முன்னோடி பாகிஸ்தானின் இராவல்பிண்டிப் பகுதியிலிருந்து வருகிறது. மகப்பேற்றுக் காலத்தில் மனச்சோர்வுற்ற தாய்மார்களுக்கு ஆறுதலும் வழிகாட்டலும் தர, ஊர்தோறும் பணியாற்றும் பெண் நலப் பணியாளர்கள் பழக்கப்பட்டனர். அவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர். 2008-இல் வெளியான அவ்வாய்வின்படி, குழந்தை பிறந்து ஆறு மாதம் கழிந்தபோது, வழக்கமான பார்வைகளை மட்டும் பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 53 பேர் சோர்வில் நீடித்தனர். பழக்கப்பட்ட பணியாளரின் துணையைப் பெற்றவர்களில் 23 பேரே நீடித்தனர். வகுப்பறைப் பயிற்சி சில நாள்களே. ஆனால் மாதந்தோறும் பணியாளர்கள் கூடி, தாம் சந்தித்த இடர்ப்பாடுகளை மேற்பார்வையாளரோடு பேசித் தீர்த்தனர். நாம் வலியுறுத்துவது இதையே. மூன்றாவது முன்னோடியாக, யமைக்காவின் கிங்ஸ்டனில் 1980-களின் இறுதியில், வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீடுகளுக்கு நலப் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, எளிய கைசெய் பொம்மைகளைக் கொண்டு விளையாடக் காட்டினர்; இருபது ஆண்டுகள் கழித்து, அத்துணையைப் பெற்றவர்களின் ஈட்டம் பெறாதவர்களைவிட நூற்றுக்கு 25 மிகுந்திருந்தது. ஆய்வுக்கு உட்பட்டோர் 129 பேரே என்பதால் அதன் எண்ணை அப்படியே எங்கும் பொருத்திப் பார்க்கலாகாது. ஆனால் இரண்டு ஆண்டுகள் இடையறாது ஒருவர் கதவைத் தட்டினார் என்பதே அதன் உள்ளீடு.

இம்மூன்றையும் அளவுகோலாகக் கொண்டு நம் இன்றைய நிலையை நோக்கினால், மனநிறைவு கொள்ள இடமில்லை. ஊட்டத்தோடு கல்வியையும் குழந்தைகள் மையத்தில் நிலைநாட்ட 2023 மே மாதம் மைய அரசு ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தையின் தூண்டலுக்கென 'நவசேதனா' என்ற சட்டகம் 2024-இல் வெளியிடப்பட்டது. முப்பத்தாறு மாதங்களுக்கு மாதவாரியாகச் செயல்பாடுகளை அது வகுத்துள்ளது. சட்டகம் நல்லதே, மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அரசு இத்தனை காலம் உணவுப் பொட்டலத்தின் வழியே மட்டும் அறிந்திருந்ததை எண்ணினால், இது வரவேற்கத்தக்க திருப்பம். ஆனால் அதைக் களத்துக்குக் கொண்டு செல்லும் பயிற்சி, பணியாளர் ஒருவருக்குச் சில நாள் வகுப்போடு முடிகிறது. அரங்கில் திரையைப் பார்த்துக் கேட்ட செய்தியை, அடுத்த வாரம் அழும் குழந்தைக்கும் அயர்ந்த தாய்க்கும் இடையே அமர்ந்து செயலாக்குவதற்கு அவருக்கு யார் கைகொடுப்பார்? வட்டாரத்தில் உள்ள மேற்பார்வையாளர் வருவது பெரும்பாலும் பதிவேட்டைச் சரிபார்க்கவே. பணியாளர் ஒரு தாயோடு பேசுவதை அருகிருந்து கண்டு, இன்னது நன்று, இன்னதை வேறுவிதமாகக் கேட்டிருக்கலாம் என்று சொல்லித் தரும் பொறுப்பு மேற்பார்வையாளரின் பணி வரையறையில் முதலிடம் பெற வேண்டும்.

அடுத்தது நேரம். 2021 முதல் எடையும் உயரமும் வருகையும் உணவு வழங்கலும் செல்பேசிச் செயலியில் ஏற்றப்படுகின்றன. வாக்காளர் பட்டியல் முதல் கணக்கெடுப்பு வரை பிற துறைகளின் வேலையும் இவர்களைத் தேடி வருகிறது. பதிவு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஆனால் பதிவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் பேசுவதற்குரிய நேரத்திலிருந்தே கழிகிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே மெய்ப்பிக்கப்பட்ட தீர்வு இருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இம்மாநிலத்தின் 320 மையங்களில் நடத்திய ஆய்வில், சரிபாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அம்மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டித்தது. பதினெட்டு மாதங்களில் குழந்தைகளின் மொழித்திறனும் எண்ணறிவும் உயர்ந்தன. முதற்பணியாளருக்கு ஊட்டச்சத்துப் பணிக்கு நேரம் கிட்டியதால் வளர்ச்சிக் குன்றலும் குறைந்தது. செலவைவிடப் பயன் பன்மடங்கு என்று ஆய்வாளர் கணித்தனர். ஐம்பதாயிரம் மையங்களுக்கு இதை விரிப்பது பெருஞ்செலவு என்பர். உண்மைதான், பயனறிந்த செலவு அது.

நலவாழ்வுத் துறையும் குழந்தை வளர்ச்சித் துறையும் தனித்தனியே பயிற்சி நடத்துவதும் திருத்தப்பட வேண்டியதே. ஒரே தாயிடம் செவிலியர் ஒன்றும் மையப் பணியாளர் வேறொன்றும் சொன்னால், அவள் இருவரையும் நம்பாமல் செல்பேசிக் காணொளியை நம்புவாள். ஓர் ஊரில் பணியாற்றும் இருவரும் ஒரே அறையில் அமர்ந்து பயிலட்டும்.

அரசு ஊழியர் வீட்டுக்குள் நுழைந்து பிள்ளை வளர்ப்பைக் கற்பிப்பது குடும்பத்தின் உரிமையில் தலையிடுவதாகாதா என்று சிலர் வினவுவர். இவ்வினாவை நாம் இலேசாகக் கருதவில்லை. ஏழையின் வீட்டை மட்டும் சோதனைக் களமாக்கும் பழக்கம் ஆட்சியாளர்களிடம் உண்டு. நல்ல தாய், கெட்ட தாய் என்று பட்டியலிடும் எந்த முயற்சியையும் நாம் எதிர்ப்போம். குழந்தை பசித்திருப்பது தாயின் அறியாமையால் என்று சொல்லிக் கூலியையும் விடுப்பையும் பற்றிய பேச்சைத் தவிர்ப்பதற்கு இப்பயிற்சி கருவியாகக் கூடாது. 2017-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் கிடைத்த இருபத்தாறு வார மகப்பேற்று விடுப்பு, களத்துமேட்டிலும் கட்டடப் பணியிடத்திலும் உழைக்கும் பெண்ணை எட்டுவதில்லை. அவள் கைக்குக் குழந்தையோடு இருக்கும் பொழுது கிட்டாதவரை, அப்பொழுதை எவ்வாறு செலவிடலாம் என்ற அறிவுரை பாதி வழியே செல்லும். தந்தையரையும் இங்கே விட்டுவிடலாகாது. பயிற்சி நூல்களில் 'பெற்றோர்' என்று எழுதிவிட்டுக் களத்தில் தாயை மட்டும் அழைக்கும் வழக்கம் மாற வேண்டும், மாலையில் கூட்டம் வைத்தால் வரக்கூடிய ஆண்கள் உண்டு.

இறுதியாக, மதிப்பு. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடை பெறும் உரிமையுடையோர் என்று தீர்ப்பளித்தது. ஆயினும் மைய அரசின் கணக்கில் அவர்கள் பெறுவது ஊதியம் அன்று, மதிப்பூதியம். மைய அரசு 2018 அக்டோபரில் தன் பங்கைப் பணியாளருக்கு மாதம் 4,500 உரூபாயாகவும் உதவியாளருக்கு 2,250 உரூபாயாகவும் நிறுவியது, அதன்பின் ஆண்டுகள் பல கடந்தும் அத்தொகை அங்கேயே நின்றது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன என்பது உண்மையே. தாயின் சொல்லைப் பொறுமையோடு கேட்குமாறு நாம் கோரும் ஒருவரின் சொல்லை அரசு கேட்டிருக்கிறதா என்பதை, தம் கோரிக்கைகளோடு அவர்கள் மீண்டும் மீண்டும் தெருவில் அமர நேர்வதே காட்டுகிறது.

தமிழ்நாட்டு அரசுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் இதுவே. வரும் நிதிநிலை அறிக்கையில், முதற்கட்டமாக வளர்ச்சிக் குன்றல் மிகுந்த வட்டாரங்களின் மையங்களில் அரைநாள் முன்பருவ ஆசிரியர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்துக. செவிலியர்க்கும் மையப் பணியாளர்க்கும் ஒரே பயிற்சியை வகுத்து, அதன் பெரும்பகுதியை அரங்கிலிருந்து வீடு பார்வைக்கு மாற்றுக. மேற்பார்வையாளர் மாதத்தில் ஒரு நாளேனும் பதிவேடு இன்றி, பணியாளரோடு ஒரு வீட்டில் அமர ஆணையிடுக. மைய அரசுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பூதியத்தை ஊதியமாக்குக. இவற்றைச் செய்ய ஆணையமும் புதிய ஆய்வும் தேவையில்லை.